‘யாரிடமும் சொல்லமாட்டேன்’: போர்ப் பாதிப்புக்குள்ளானோர் குறித்த கள ஆய்வில் இரகசியக்காப்பு வாக்குறுதியின் எல்லைகள்

ஆய்வுச்சுருக்கம்

போராலும் வன்முறையாலும் பாதிக்கப்பட்டோரிடம் தரவு திரட்டும் ஆய்வாளர், அவர்தம் கூற்றுகளை இரகசியமாகக் காப்பதாக வாக்களிப்பது வழக்கம். அவ்வாக்கைக் காக்கும் அதிகாரம் பெரும்பாலும் ஆய்வாளரிடமோ அவர் சார்ந்த நிறுவனத்திடமோ இருப்பதில்லை. இதனை வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் வாய்மொழி வரலாற்றுத் திட்டத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. இந்திய, இலங்கைச் சட்டநிலையையும் தமிழ் ஆய்வேடுகளில் இடம்பெறும் தகவலாளர் பட்டியலையும் இந்நோக்கில் மறுபரிசீலனை செய்கிறது.

திறவுச்சொற்கள்: கள ஆய்வு நெறி, ஒப்புதல், இரகசியக்காப்பு, வாய்மொழி வரலாறு, ஏதிலியர், தகவலாளர்

முன்னுரை

தமிழியல் துறைகளில் ‘ஆய்வு நெறி’ என்னும் தொடர் இன்று பெரும்பாலும் கருத்துத்திருட்டைத் தவிர்த்தல் என்ற பொருளிலேயே வழங்குகிறது. பல்கலைக்கழக மானியக்குழு 2018இல் கருத்துத்திருட்டுத் தடுப்பு ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. 2019இல் ஆய்வு, வெளியீட்டு நெறிமுறைகள் குறித்த பாடத்தை முனைவர்பட்ட ஆய்வாளர்களுக்குக் கட்டாயமாக்கியது. அப்பாடத்தின் ஆறு அலகுகளில் மெய்யியல், அறிவியல் நடத்தை, வெளியீட்டு நெறி, திறந்தநிலை வெளியீடு, வெளியீட்டு முறைகேடு, தரவுத்தளங்களும் ஆய்வு அளவீடுகளும் ஆகியன இடம்பெறுகின்றன. ஆய்வுக்கு உட்படும் மனிதருக்கென்று அதில் தனி அலகு இல்லை. ஒரு நூலிலிருந்து எடுத்த வரிக்கு மேற்கோள்குறி இடுமாறு கற்பிக்கப்படுகிறோம்; ஒரு மனிதர் வாய்விட்டுச் சொன்ன வாழ்வை எவ்வாறு கையாள்வது என்பதோ நெறியாளரின் பட்டறிவுக்கு விடப்படுகிறது.

தமிழகத்திலுள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில் இடப்பெயர்வுக் கதையாடல்களைத் திரட்டச் சென்றபோது, எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் பேசத் தொடங்குமுன் என் கைப்பேசியைச் சுட்டி, “பிள்ளை, இதில கதைக்கிறது கடைசியில ஆரிட்டப் போய்ச் சேரும்?” என்று வினவினார். “யாரிடமும் போகாது அம்மா, என்னிடமே இருக்கும்” என்றேன். கையிலிருந்த ஒப்புதல் படிவமும் அதையே கூறியது: ‘தங்கள் கூற்று முழுமையாக இரகசியம் காக்கப்படும்.’ முந்தைய ஆய்வேடு ஒன்றின் பின்னிணைப்பிலிருந்து நான் எடுத்தாண்ட தொடர் அது. பொய் சொல்லும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. ஆயினும் அச்சொல்லை மெய்யாக்கும் ஆற்றல் எனக்கு உண்டா என்று அப்போது எண்ணிப்பார்க்கவில்லை. பெல்ஃபாஸ்ட் திட்டம் பற்றிய செய்திகளைப் பின்னர் படித்தபோதுதான் அவ்வினாவின் முழுப்பொருளும் விளங்கிற்று.

பெல்ஃபாஸ்ட் திட்டம்

வட அயர்லாந்தில் 1960களின் இறுதியில் தொடங்கிய ஆயுத மோதல், 1998 ஏப்ரலில் ஏற்பட்ட புனித வெள்ளி உடன்படிக்கையால் பெருமளவு தணிந்தது. அதற்குள் 3,500க்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருந்தனர். மோதலில் நேரடியாகப் பங்கேற்றோரின் நினைவுகளை, அவர்கள் மறைவதற்குள் பதிவுசெய்ய வேண்டும் என்ற நல்ல நோக்கத்துடன் அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி 2001 முதல் 2006 வரை வாய்மொழி வரலாற்றுத் திட்டம் ஒன்றை நடத்தியது. செய்தியாளர் எட் மலோனி அதனை இயக்கினார். ஐரியக் குடியரசுப் படையினரை (ஐ.ஆர்.ஏ.) நேர்கண்டவர் ஆந்தனி மக்கின்டயர், அவரே அப்படையில் இருந்து சிறைசென்று, பின்னர் முனைவர் பட்டம் பெற்றவர். பிரித்தானிய ஆதரவு ஆயுதக் குழுவினரை வில்சன் மக்ஆர்தர் நேர்கண்டார். உள்ளிருந்தே வந்தவர் கேட்டமையால்தான் பலர் வாய் திறந்தனர் என்பது வெளிப்படை.

தகவல் அளித்தோருக்குக் கூறப்பட்ட உறுதி எளிமையானது. அவர்தம் இறப்புக்குப் பின்னரே, அல்லது அவர்தம் இசைவு பெற்றே ஒலிப்பதிவுகள் வெளியிடப்படும். பதிவுகள் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், கல்லூரி நூலகத்தில், பெயருக்கு மாறாக எழுத்துக்குறிகளுடன் வைக்கப்பட்டன. பிரித்தானியக் காவல்துறையின் கை அங்கு எட்டாது என்ற நம்பிக்கை இந்த ஏற்பாட்டின் அடித்தளமாக இருந்தது.

இங்கு ஒரு சிறு வேறுபாடு கூர்ந்து நோக்கத்தக்கது. கல்லூரிக்கும் திட்ட இயக்குநருக்கும் இடையே 2001இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் இரகசியக்காப்பு ‘அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் அளவிற்கு’ என்ற வரையறை இருந்தது. தகவல் அளித்தோர் கையொப்பமிட்ட படிவத்திலோ அவ்வரையறை இல்லை. அதாவது, ஆபத்து யாருக்கு மிகுதியோ அவரிடமே வரம்பற்ற வாக்குறுதி வழங்கப்பட்டது. இதில் சூழ்ச்சி ஏதும் இருந்ததாகக் கருத வேண்டியதில்லை. கவனக்குறைவு என்றே கொள்ளலாம். ஆனால் கள ஆய்வில் நேரும் பெருந்தீங்குகள் பலவும் இத்தகைய கவனக்குறைவின் வழியே நிகழ்கின்றன.

2010இல் மலோனி ஒரு நூலை வெளியிட்டார். அதற்கு முன்பே மறைந்துவிட்ட பிரெண்டன் ஹியூஸ், டேவிட் எர்வின் ஆகியோரின் நேர்காணல்கள் அதில் இடம்பெற்றன. 1972 டிசம்பரில் பெல்ஃபாஸ்டிலிருந்து கடத்திக் கொல்லப்பட்ட ஜீன் மக்கான்வில் பற்றிய செய்திகளும் அவற்றுள் அடங்கும். அவர் பத்துப் பிள்ளைகளின் தாய், கணவரை இழந்தவர். அவரது உடல் 2003இல்தான் ஒரு கடற்கரையில் கண்டெடுக்கப்பட்டது. நூல் வெளிவந்ததும் காவல்துறைக்கு ஒலிப்பதிவுகள் இருப்பது தெரிந்தது. 2011 மே மாதம், இரு நாடுகளுக்கிடையேயான சட்ட உதவி உடன்படிக்கையின்கீழ், பிரெண்டன் ஹியூஸ், டோலர்ஸ் பிரைஸ் ஆகியோரின் பதிவுகளைக் கேட்டு அமெரிக்க அரசு கல்லூரிக்கு அழைப்பாணை அனுப்பியது. ஆகஸ்டில் வந்த இரண்டாம் அழைப்பாணை, மக்கான்வில் கொலை குறித்த பதிவுகள் அனைத்தையும் கோரியது. கல்விசார் இரகசியம் என்ற வாதம் நீதிமன்றங்களில் முழுமையாக ஏற்கப்படவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல், ஒப்படைக்க வேண்டிய நேர்காணல்களை 85இலிருந்து 11ஆகக் குறைத்தது. கல்லூரியால் பெற இயன்ற நிவாரணம் அவ்வளவே.

2014இல் சின் ஃபெயின் கட்சித் தலைவர் ஜெரி ஆடம்ஸ் கைதுசெய்யப்பட்டு, நான்கு நாள்கள் விசாரிக்கப்பட்டுக் குற்றச்சாட்டின்றி விடுவிக்கப்பட்டார். அவ்வாண்டே பெல்ஃபாஸ்ட் சுவர்களில் பாஸ்டன் கல்லூரிக்குப் பேசியவர்களைக் காட்டிக்கொடுப்போர் எனப் பழிக்கும் எழுத்துகள் தோன்றின. அந்நகரில் அச்சொல்லுக்கு ஆளானோர் பலர் முன்னர் உயிரிழந்துள்ளனர் என்பதை நினைவிற்கொண்டால் அச்சுவரெழுத்தின் கடுமை புரியும். பதிவுகளை உரியவர் கேட்டால் திருப்பித் தருவதாகக் கல்லூரி அறிவித்தபோது, ஒப்படைக்க வேண்டியவை ஒப்படைக்கப்பட்டுவிட்டன.

இரகசியமும் உண்மையும்

இத்திட்டம் குறித்த உரையாடல்களில் அழைப்பாணையே பெரிதும் பேசப்படுகிறது. ஆய்வு முறையியல் நோக்கில் அதனினும் முதன்மையானது 2019இல் வந்த தீர்ப்பு. முதியவரான ஐவர் பெல் மீதான வழக்கில் அவருடையது எனக் கூறப்பட்ட ஒலிப்பதிவைச் சான்றாக ஏற்க பெல்ஃபாஸ்ட் நீதிமன்றம் மறுத்தது. அவர் குற்றமற்றவர் என முடிவாயிற்று. இறக்கும்வரை வெளிவராது என்ற உறுதி ஒருவரை உண்மை பேச விடுவிக்கலாம். அதே உறுதி அவரை மிகைப்படுத்தவும், திரிக்கவும், பிறர்மேல் பழி சுமத்தவும் விடுவிக்கலாம் என்பது நீதிபதி கூறிய காரணங்களுள் ஒன்று. நேர்கண்டவர் நடுநிலையில் இருக்கவில்லை என்பது மற்றொன்று.

இரகசியம் காத்தால்தான் உண்மை கிட்டும் என்பது கள ஆய்வாளர் பலரின் எழுதப்படாத நம்பிக்கை. எனக்கும் அது இருந்தது. ஆனால் பெல்ஃபாஸ்டில் அந்த வாக்குறுதி பேசியவரையும் காக்கவில்லை. பேச்சின் நம்பகத்தையும் காக்கவில்லை.

இதற்கு மறுபுறமும் உண்டு. மக்கான்வில்லின் பிள்ளைகள் தம் தாய்க்கு நேர்ந்ததை அறியும் உரிமை உடையவர்கள். அக்கொலை குறித்த செய்தியைப் பல்லாண்டுகள் ஒரு நூலகப் பெட்டகத்தில் பூட்டிவைப்பது நெறிப்படி சரியா? ‘தகவலாளரைக் காத்தல்’ என்ற ஒற்றை விதியால் இவ்வினாவைத் தீர்க்க இயலாது. தகவலாளர் என நாம் ஒரு சொல்லில் அடக்கும் மனிதர், போர்ச்சூழலில் பாதிக்கப்பட்டவராகவும் பாதிப்பை விளைவித்தவராகவும் ஒருங்கே இருக்கக்கூடும்.

அதே வட அயர்லாந்தில் இச்சிக்கலை வேறு வழியில் எதிர்கொண்ட முன்மாதிரி ஒன்றும் இருந்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உடல் எச்சங்களைக் கண்டறிய 1999இல் தனி ஆணையம் அமைக்கப்பட்டது. அதற்கு அளிக்கப்படும் தகவலைக் குற்றவியல் வழக்கில் சான்றாகப் பயன்படுத்தலாகாது எனச் சட்டமே விதித்தது. குடும்பங்களுக்கு உடல்கள் கிடைத்தன. தகவல் தந்தவருக்குப் பாதுகாப்பும் கிடைத்தது. இலங்கையின் 2016ஆம் ஆண்டுக் காணாமற்போனோர் அலுவலகச் சட்டமும் அவ்வலுவலகத்தின் கண்டறிதல்கள் குற்றவியல், குடியியல் பொறுப்பை ஏற்படுத்தா என்கிறது. அதன் செயற்பாடு குறித்த விமர்சனங்கள் தனியே ஆராயத்தக்கவை. இங்கு வேண்டுவது ஒன்றே: அவ்வாக்குறுதிகளுக்குப் பின்னால் ஒரு நாடாளுமன்றம் நின்றது. பாஸ்டன் கல்லூரியின் வாக்குறுதிக்குப் பின்னால் ஒரு நூலகம் மட்டுமே நின்றது. முனைவர்பட்ட ஆய்வாளரின் வாக்குறுதிக்குப் பின்னால் ஒரு கைப்பேசியின் கடவுச்சொல் நிற்கிறது.

சட்டம் நமக்கு அளிக்கும் இடம்

இந்தியச் சாட்சியச் சட்டம் 1872, கணவன் மனைவியரிடையேயான உரையாடலுக்கும் வழக்குரைஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையேயான உரையாடலுக்கும் பாதுகாப்பளித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியமும் அவ்வாறே. ஆய்வாளருக்கும் தகவலாளருக்கும் அத்தகைய பாதுகாப்பு இரண்டிலும் இல்லை. ஆவணத்தையும் மின்னணுக் கருவியையும் ஒப்படைக்குமாறு ஆணையிடும் அதிகாரம் நீதிமன்றத்துக்கும் காவல்துறைக்கும் உண்டு.

அறிவிக்கும் கடமை இன்னும் கூர்மையானது. கொலை உள்ளிட்ட சில குற்றங்களை அறிந்தவர் தக்க காரணமின்றி அதனை அறிவிக்காமல் இருக்கலாகாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் கூறுகிறது. இந்தியாவுக்கு வெளியே நிகழ்ந்து, இங்கு நிகழ்ந்திருந்தால் குற்றமாகக்கூடிய செயலும் அதில் அடங்கும். வன்னியில் நடந்ததை முகாமில் அமர்ந்து கேட்கும் ஆய்வாளருக்கு இப்பிரிவு தொலைவில் உள்ளதன்று. இலங்கையின் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டமோ தகவலை அறிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காமையையே தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. போருடன் தொடர்பில்லாத சூழலிலும் இவ்வினா எழும். பதினெட்டு வயது நிரம்பாத பெண் கருவுற்றிருக்கிறாள் என்று ஒரு தாய் நேர்காணலின் நடுவே சொல்லிவிட்டால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு ஆய்வாளரையும் கட்டுப்படுத்தும். அறிவிக்கத் தவறுதல் 21ஆம் பிரிவின்கீழ் குற்றம். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்ற உறுதிமொழி இங்குச் சட்டப்படியே நிறைவேற்ற இயலாதது.

வாக்கைக் காக்கச் சிறை சென்றவரும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர்பட்ட மாணவராக இருந்த ரிக் ஸ்கார்ஸ், விலங்குரிமை இயக்கத்தினர் தம்மிடம் கூறியதை வெளியிட மறுத்து 1993இல் 159 நாள்கள் சிறையிலிருந்தார். அவரது துணிவு போற்றத்தக்கது. ஆயினும் அதனைப் பொதுநெறியாக்க இயலாது. தன் சிறைவாசத்தை ஈடாக வைக்கத் தயங்கும் ஆய்வாளர், அவ்வாக்கை வழங்காதிருப்பதே முறை.

தகவலாளர் பட்டியல்

தமிழ் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வேடுகளின் இறுதியில் தகவலாளர் பட்டியல் இடம்பெறுவது நீண்டகால மரபு. பெயர், வயது, பால், சாதி, தொழில், கல்வி, ஊர் என நிரல்கள் அமையும். சில ஆய்வேடுகளில் நிழற்படமும் இருக்கும். இம்மரபுக்கு நியாயம் உண்டு. தாலாட்டையும் ஒப்பாரியையும் பாடிக்கொடுத்தவரைப் பெயரற்றவராக்கிவிட்டு, பாடலுக்கு ஆய்வாளர் உரிமை கொண்டாடுவது அநீதி. தரவைச் சரிபார்க்கவும் பட்டியல் துணைசெய்யும். ஆனால் பாடலுக்கென உருவான அப்படிவம், போர்க்கதையாடலுக்கும் மாற்றமின்றிப் பயன்படுத்தப்படுகிறது. ஆய்வேடு அச்சுப்படியாக நூலக அடுக்கில் இருந்த காலத்தில் அதனைப் புரட்டியவர் சிலர். இன்று சோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் ஏற்றப்படும் ஆய்வேட்டை உலகில் எவரும் எந்நேரமும் திறக்கலாம். முகாமின் பெயரும் வயதும் சொந்த ஊரும் ஒரே வரியில் இருக்க, பேச்சுப் பகுதியில் ‘தகவலாளர் 7’ என்று எழுதுவது கண்ணாமூச்சி விளையாட்டு.

பெயரை மட்டும் நீக்கினால் போதுமா என்பதற்குத் தமிழ் மரபிலேயே ஒரு விடை உண்டு. அகப்பாடலில் காதலரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. நெடுநல்வாடை எவர் பெயரையும் கூறவில்லை. எனினும் வேலில் சூடிய வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ என்பதால் அது ஒருவரைச் சுட்டிவிட்டது எனக் கொண்டு, நச்சினார்க்கினியர் அப்பாட்டைப் புறமாக வகுத்தார். பெயர் மறைந்தும் ஒரு வேப்பம்பூ ஆளைக் காட்டிவிட்டது. நம் ஆய்வேடுகளில் வேப்பம்பூக்கள் மிகுதி: ‘முகாமின் ஒரே தையல் ஆசிரியை’, ‘மூன்று மகன்களையும் இழந்தவர்’, ‘காலில் குண்டுத்துகள் உள்ளவர்’. அயர்லாந்துச் சிற்றூர் ஒன்றுக்குப் புனைபெயரிட்டு நான்சி ஷெப்பர்-ஹியூஸ் 1979இல் வெளியிட்ட நூலிலும் இதுவே நேர்ந்தது. ஊரார் ஒவ்வொருவரையும் இனங்கண்டுகொண்டனர். இருபதாண்டுகள் கழித்துத் திரும்பிச் சென்ற அவரை ஊர் ஏற்கவில்லை. அயலார்க்கு மறையும் அடையாளம் அண்டைவீட்டாருக்கு மறைவதில்லை. போர்ப் பாதிப்புக்குள்ளானோர்க்கு ஆபத்து பல வேளைகளில் அண்டையிலிருந்தே வருகிறது.

பதிவுசெய்யாமை

முகாம்களில் ஆய்வு செய்ய அரசின் முன்னனுமதி வேண்டும். காவல்துறையின் கியூ பிரிவு முகாம்களைக் கண்காணிப்பதும் அனைவரும் அறிந்ததே. எனவே யார் எந்நாளில் ஆய்வாளரிடம் பேசினார் என்பது நாம் மறைத்தாலும் மறையாது. முகாம் பொறுப்பாளர் அழைத்துவந்து அறிமுகம் செய்த ஆய்வாளரிடம் ‘பேச விருப்பமில்லை’ என்று சொல்வதும் அங்கு வாழ்வோர்க்கு எளிதன்று. கையொப்பம் பெற்றுவிட்டால் ஒப்புதல் பெற்றாயிற்று என நாம் நிறைவடைகிறோம். கையொப்பமிட்ட தாள்களால் அலைக்கழிக்கப்பட்ட மக்களுக்கு அதுவே அச்சம் தரும் பொருள். அன்றியும், பேசியவர் யார் என்பதற்குக் கையொப்பப் படிவமே முதற்சான்றாகிவிடுகிறது. வாய்மொழி ஒப்புதல் இங்குப் பொருத்தமானது. அதுவும் ஒருமுறை பெற்று முடிப்பதன்று, உரையாடல் திசைமாறும் ஒவ்வொரு முறையும் கேட்கப்பட வேண்டுவது.

நடைமுறையில் செய்யத்தக்கவற்றுள் முதலாவது, தேவையற்றதைக் கேளாமை. ஓர் இடப்பெயர்வுக் கதையாடலின் மொழியமைப்பை ஆராய்பவருக்கு, இயக்கத்தில் இருந்தவர் யார் என்ற செய்தி எதற்கு? இல்லாத பதிவை எவ்வழைப்பாணையாலும் கைப்பற்ற இயலாது. எல் சால்வடோர் உள்நாட்டுப் போர்ப்பகுதியில் கள ஆய்வு செய்த எலிசபெத் வுட், அவ்வனுபவத்தின் நெறிச்சிக்கல்களைக் குறித்து 2006இல் எழுதிய கட்டுரை, தமிழ் ஆய்வாளர் படிக்கத்தக்கது. பாலியல் வன்முறை குறித்து வினவுவோர்க்கு உலக நலவாழ்வு நிறுவனம் 2007இல் வெளியிட்ட பரிந்துரைகள், பாதிக்கப்பட்டோர்க்கு அடிப்படை உதவி அப்பகுதியில் கிடைக்காத நிலையில் வினவத் தொடங்கவே கூடாது என்கின்றன. இதனை நம் துறைகள் உடனடியாக ஏற்கலாம்.

நம் தரவு உண்மையில் எங்கெங்கு செல்கிறது என்பதும் எண்ணத்தக்கது. கைப்பேசி ஒலிப்பதிவு நாம் அறியாமலே கூகுள் கணக்கில் படியெடுக்கப்படலாம். எழுத்தாக்கம் செய்பவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பப்படுகிறது. தட்டச்சகத்தின் கணினியில் கோப்பு தங்கிவிடுகிறது. பல நேரங்களில் கசிவுக்கு அழைப்பாணையே தேவைப்படுவதில்லை.

வரம்புகளை வெளிப்படையாகக் கூறினால் மக்கள் பேசமாட்டார்கள், ஆய்வு நின்றுவிடும் என்ற மறுப்பு உண்டு. அது உண்மையே, சில ஆய்வுகள் நிற்கும். அவர்தம் அறியாமையால் மட்டுமே நடைபெறக்கூடிய ஆய்வு இப்போதைக்கு நிற்கட்டும் என்பதே என் துணிபு. வரலாறு சிலவற்றை இழக்கும் என்பதை மறுக்கவில்லை.

அம்முகாமுக்கு இரண்டாம் முறை சென்றபோது படிவத்தின் தொடரை மாற்றியிருந்தேன். ‘பெயரையும் அடையாளத்தையும் எழுதமாட்டேன். பதிவை எழுத்தாக்கியபின் அழித்துவிடுவேன். நீதிமன்றமோ காவல்துறையோ கேட்டால் மறுக்க எனக்குச் சட்டப்படி உரிமை இல்லை. ஆகவே பிறருக்குத் தெரிந்தால் தீங்காகும் எனத் தாங்கள் கருதுவதை என்னிடம் கூறவேண்டாம்.’ இதனைப் படித்துக் காட்டினேன். முன்னர் எடுத்த பதிவை அவர் முன்னிலையிலேயே அழித்தேன். மூதாட்டி சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அப்ப ஒண்டை விட்டிட்டுச் சொல்லுறன், பிள்ளை. நீ அதைக் கேக்கக் கூடாது” என்றார். நான் கேட்கவில்லை. கடல் கடந்த கதையை ஏறத்தாழ நாற்பது நிமிடங்கள் கூறினார். ஆய்வேட்டில் அக்கதையாடலின் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது; அது அவர் கேட்டுக்கொண்டபடி விடப்பட்டது என்று அடிக்குறிப்பிட்டுள்ளேன். இக்கட்டுரையில் அவரைக் குறித்துக் கூறியவற்றுள் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. எவை என்பது அவருக்குப் படித்துக் காட்டப்பட்டது.